எண்ணாத மூச்சு

குழந்தைகள் அவசரப் பிரிவின் முதல் மேசையில் இருந்த நர்ஸுக்குத் தீக்குச்சி என்று பெயர் வைத்தது யார் என்று இப்போது யாருக்கும் நினைவில்லை. ஆள் ஒல்லி. லேசாக உரசினாலும் பற்றிக்கொள்வாள். பெரிய டாக்டர், சின்ன டாக்டர் என்று பார்க்க மாட்டாள். பதினாறு வருடமாக அந்த மேசையில்தான் அவளுக்குப் பிழைப்பு. கதவைத் திறந்ததும் முதலில் அவள் முகத்தில்தான் விழிக்க வேண்டும். அதில் யாருக்கும் பெரிய சந்தோஷம் இருந்ததில்லை.

வேலை இதுதான். வருகிற குழந்தையை மேசையில் உட்காரவைத்து எடை, காய்ச்சல், நாடி பார்க்க வேண்டும். விரலில் கிளிப்பை மாட்டி ஆக்ஸிஜன் பார்க்க வேண்டும். மூச்சை எண்ண வேண்டும். எல்லாவற்றையும் கணினியில் அடித்தால், திரையின் வலது மூலையில் ஓர் எண் வரும். இந்தக் குழந்தையை மருத்துவமனையில் சேர்க்க வேண்டிவருமா என்று நூற்றுக்கு இத்தனை எனச் சொல்லும் எண். நான்கு மாதங்களுக்கு முன்னால் வந்த ஏற்பாடு. இருபதுக்குக் கீழே என்றால் பச்சை நாற்காலி, அங்கே ஒரு பயிற்சி டாக்டர் ஆளுக்கு இரண்டு நிமிடம் பார்த்து மருந்து எழுதி அனுப்புவார். அறுபதுக்கு மேலே என்றால் சிவப்பு, மேல்மாடியில் கட்டில் தானாகவே பதிவாகிவிடும். நடுவில் மஞ்சள். அந்த எண்ணுக்கு அதிகாரபூர்வமாக நீளமான பெயர் ஒன்று உண்டு. ஊழியர்கள் வைத்த பெயர் ஜோசியர்.

"ஜோசியர் என்ன சொல்றார்?" என்று ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற அண்ணன் ஒவ்வொரு தடவையும் கேட்பார்.

"உங்களுக்கு ஏழரை நடக்குதாம். ஓரமா நில்லுங்க" என்பாள் தீக்குச்சி.

திறப்பு விழாவில் ஜோசியர் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று சரியாகச் சொல்வார் என்றார்கள். கைதட்டினார்கள். தீக்குச்சியும் தட்டினாள்.

இதில் மூச்சுதான் வில்லங்கம். மற்ற எல்லாவற்றுக்கும் ஒரு கருவி இருந்தது, வைத்தால் எண் வரும். மூச்சுக்கு மட்டும் கருவி கிடையாது. சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் உற்றுப் பார்த்து எண்ண வேண்டும். குழந்தை அழுதால் அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு ஷிப்டுக்கு நூற்றைம்பது குழந்தை, வரிசை வாசலைத் தாண்டி நிற்கும், ஆள் இரண்டு பேர். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் அடுத்த பக்கத்துக்குத் திரை நகராது. ஆகவே ஐந்து வயதுக்குக் கீழே என்றால் இருபத்தெட்டு, மேலே என்றால் இருபது. தீக்குச்சி வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே அப்படித்தான் இருந்தது. அவளுக்கு முன்னால் இருந்தவர்கள் அவளுக்குச் சொன்னார்கள், பின்னால் வந்தவர்களுக்கு அவள் சொன்னாள். பார்த்தாலே பயமாக இருக்கிற குழந்தை வந்தால் மட்டும் உட்கார்ந்து எண்ணி, உண்மையான எண்ணைப் போடுவார்கள். மற்றவர்களுக்கு இருபத்தெட்டு. இதைப் பொய் என்று அங்கே யாரும் நினைத்ததில்லை. கட்டம் இருந்தது, நிரப்பினார்கள்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு ஒரு வெல்டர் தன் பத்து மாதப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தான். பட்டறையிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். சட்டை முழுக்கத் தீப்பொறி பட்ட பொத்தல்கள். குழந்தை அவன் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு சும்மா இருந்தது.

"என்ன பண்ணுது?"

"சளி. ரெண்டு நாளா. ஆனா இன்னிக்கு மூச்சு வேற மாதிரி விடுறா சிஸ்டர்."

"வேற மாதிரின்னா?"

"சொல்லத் தெரியலை. தோள்ல படுக்கும்போது தெரியும்ல? அது வேற மாதிரி இருக்கு."

பின்னால் ஒருத்தி, "நாங்க மட்டும் வேடிக்கை பார்க்கவா வந்தோம்?" என்று கத்தினாள். தீக்குச்சி அவளுக்கு ஒரு முறைப்பைக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்த்தாள். காய்ச்சல் லேசாக. ஆக்ஸிஜன் தொண்ணூற்றைந்து, பரவாயில்லை. விரல்கள் தாமாகவே போய் இருபத்தெட்டு அடித்தன. ஜோசியர் பதினொன்று என்றார்.

"பச்சை நாற்காலி. கூப்பிடுவாங்க."

"மூச்சு…"

"டாக்டர்கிட்ட சொல்லுங்க. அடுத்தது!"

வெல்டர் டாக்டரிடமும் சொல்லியிருக்கிறான். டாக்டர் முதல் மேசையிலிருந்து வந்த பச்சைத் தாளைப் பார்த்திருக்கிறார், அதில் மூச்சு இருபத்தெட்டு என்று அச்சாகியிருந்தது. ஒரு சிரப் எழுதிக் கொடுத்து, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

புதன்கிழமை காலை தீக்குச்சி வேலைக்கு வந்தபோது ஸ்ட்ரெச்சர் அண்ணன் வாசலிலேயே நின்றிருந்தார். அவர் வாசலில் நின்றால் நல்ல சேதி இருக்காது.

"நேத்து பொத்தல் சட்டைக்காரன் ஒருத்தன் வந்தானே? பாப்பாவை விடியக்காலையில ஆம்புலன்ஸ்ல கொண்டு வந்தாங்க. நீலம் பூத்துப்போய்க் கெடந்துச்சு. மூணாவது மாடியில வென்டிலேட்டர்ல போட்டிருக்காங்க."

தீக்குச்சி கைப்பையைக் கழற்றாமல் அப்படியே நின்றாள்.

"ஜோசியர் மண்ணைக் கவ்விட்டார் போ. பதினொண்ணாம்! இவனையெல்லாம் அந்த டப்பாவோட தூக்கிக் கடாசணும்" என்றார் அண்ணன்.

அன்று முழுக்க அந்தப் பிரிவில் இதே பேச்சுதான். தேநீர் நேரத்தில் ஒருத்தி, "நான் அப்பவே சொன்னேன்" என்றாள். இன்னொருத்தி, "மனுஷக் கண்ணு மாதிரி வருமா?" என்றாள். எல்லாரும் ஜோசியரைக் காறித் துப்பினார்கள். எல்லாருக்கும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது, அது தீக்குச்சிக்கு நன்றாகத் தெரிந்தது. அவளுக்கும் இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. மனுஷக் கண் அந்தக் குழந்தையைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் குறைந்தது எழுபது எண்ணியிருக்கும்.

இரவு சாப்பாட்டின்போது கணவனிடம் சொன்னாள். அவன் பஸ் ஓட்டுகிறவன். விபத்து விசாரணை என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியும்.

"நீ ஏன் தலையைக் கொடுக்குற? மெஷின் மேல பழி விழுந்தா மெஷினுக்கு என்ன, மானமா ரோஷமா? ஸ்கூலுக்குப் போற புள்ளை இருக்கு அதுக்கு?"

"குழந்தை வென்டிலேட்டர்ல கெடக்குது."

"நீ சொன்னா எந்திரிச்சு உக்காந்துருமா?"

"உன் பஸ்ல பிரேக் பிடிக்கலைன்னு நீயே எழுதிட்டு, நீ பிரேக்கை மிதிக்கவே இல்லைன்னா?"

"அப்படி ஒருத்தன் எழுதினா வேலை மிஞ்சும். மிதிக்கலைன்னு எழுதினா வீட்டுக்குப் போவான். எது புத்திசாலித்தனம்?"

அவள் கரண்டியைத் தொட்டியில் எறிந்த சத்தத்தில் உள்ளே படித்துக்கொண்டிருந்த மகள் எட்டிப் பார்த்தாள். "அம்மாவுக்கு ஒண்ணுமில்லைம்மா, பாத்திரம் கழுவுறாங்க" என்றான் அவன்.

வெள்ளிக்கிழமை விசாரணைக் கூட்டம். கண்காணிப்பாளர், தலைமை நர்ஸ், பச்சை நாற்காலிப் பயிற்சி டாக்டர், கணினிக்காரர். கணினிக்காரர் இளந்தாடி வைத்த, அடிக்கடி கண்ணாடியைத் துடைக்கிற மனிதர். ஜோசியரைக் கட்டியது அவர் குழுதான். மேசையில் பிஸ்கட் இருந்தது. யாரும் தொடவில்லை.

கண்காணிப்பாளர் ஏற்கெனவே முடிவை எழுதி வைத்திருந்தார். "கருவிக்குக் கிடைத்த தகவல்கள் அனைத்தும் இயல்பான அளவில் இருந்தன. அரிதாக நேரும் தொழில்நுட்பக் குறைபாடு." அதை வாசித்துவிட்டு, "எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்றார். சம்மதம் வந்துகொண்டிருந்தது.

"எனக்கு இல்லை சார்" என்றாள் தீக்குச்சி.

தலைமை நர்ஸ் மேசைக்கு அடியில் அவள் முழங்காலைத் தொட்டார். தீக்குச்சி காலை நகர்த்திக்கொண்டாள்.

"அந்த இருபத்தெட்டை நான் எண்ணலை. சும்மா போட்டேன். அந்தப் பாப்பாவுக்கு மட்டும் இல்லை, எல்லாருக்குமே அப்படித்தான் போடுவோம். பதினாறு வருஷமா போடுறேன்."

பயிற்சி டாக்டர் குனிந்தபடியே இருந்தார். "எல்லாரும்னா?" என்று கணினிக்காரர் கேட்டார். அவர் குரல் கீச்சென்று வந்தது.

"எல்லாரும்னா எல்லாரும். பார்க்கப் பயமா இருக்கிற குழந்தைக்கு மட்டும் எண்ணுவோம்."

அவர் மடிக்கணினியைத் திறந்து ஏதோ தேடினார். தேடி முடித்ததும் திரையைத் தன் பக்கமே வைத்துக்கொண்டு பேசினார்.

"ஜோசியருக்… இந்தக் கருவிக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க மூணு வருஷப் பதிவுலேர்ந்து ஒரு பங்கை எடுத்துக் கொடுத்தோம். அஞ்சு வயசுக்குக் கீழே நாற்பத்திரண்டாயிரம் குழந்தை. அதுல முப்பத்தஞ்சாயிரம் குழந்தைக்கு மூச்சு இருபத்தெட்டு." கண்ணாடியைக் கழற்றினார். "நான் இதைப் பார்த்திருக்கணும். வரைபடத்துல ஒரே ஒரு கம்பம் வானத்துக்கு நிக்குது. குழந்தைங்க அப்படித்தான் மூச்சு விடும்போலன்னு நெனச்சுட்டேன்."

"அதனால என்ன? ஒரு தகவல் தப்பு. மத்ததெல்லாம் இருக்குல்ல?" என்றார் கண்காணிப்பாளர்.

"இல்லை சார். இதுக்குத்தான் அது ரொம்ப மதிப்புக் கொடுக்குது. நீங்க இருபத்தெட்டு போட்டா, நர்ஸ் பயப்படலைன்னு அதுக்குத் தெரியும். வேற எந்த எண்ணைப் போட்டாலும், முப்பதே போட்டாலும், நர்ஸ் உட்கார்ந்து எண்ணியிருக்காங்க, பயந்திருக்காங்கன்னு தெரியும். எந்தக் குழந்தையைப் பார்த்து நீங்க பயந்தீங்களோ அதைத்தான் சேர்த்திருக்கீங்க. அது குழந்தையைப் பார்க்கலை. உங்க முகத்தைப் பார்த்துட்டு, உங்ககிட்டயே திருப்பிச் சொல்லுது."

தீக்குச்சிக்குச் சிரிப்பு வந்தது. கேவலமான சிரிப்பு. நான்கு மாதமாக அவள் அந்தத் திரையைப் பார்த்து, ஜோசியரே ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார், நமக்கென்ன என்று குழந்தைகளைப் பச்சைக்குத் தள்ளியிருக்கிறாள். ஜோசியரோ அவளைப் பார்த்து, தீக்குச்சியே ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டாள், நமக்கென்ன என்று பதினொன்று போட்டிருக்கிறார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்ததில் குழந்தையை யாருமே பார்க்கவில்லை. இதற்குத் தொண்ணூற்றொன்று, இதற்குக் கைதட்டல்.

"சரி. நாளையிலேர்ந்து எல்லாருக்கும் எண்ணுங்க. பிரச்சினை முடிஞ்சது" என்றார் கண்காணிப்பாளர்.

கணினிக்காரர் வாயைத் திறந்தார். கண்காணிப்பாளர் எழுந்துவிட்டதால் மூடிக்கொண்டார்.

சனிக்கிழமையிலிருந்து எண்ணினார்கள். தீக்குச்சி ஒரு பக்கம், இன்னொரு நர்ஸ் ஒரு பக்கம். சட்டையைத் தூக்கு, கையை வயிற்றில் வை, கடிகாரத்தைப் பார். காய்ச்சலில் அழுத குழந்தைக்கு நாற்பத்திரண்டு. மூக்கடைத்த குழந்தைக்கு முப்பத்தாறு. படியில் விழுந்து நெற்றி வீங்கி, அதைப் பெருமையாக எல்லாரிடமும் காட்டிக்கொண்டிருந்த மூன்று வயதுப் பையனுக்கு முப்பத்திரண்டு. எல்லாம் உண்மையான எண்கள். ஜோசியருக்குப் பித்துப் பிடித்துவிட்டது. எழுபத்தெட்டு, எண்பத்தொன்று, எழுபத்துநான்கு. திரை முழுக்கச் சிவப்பு. நெற்றி வீங்கியவனுக்கு மேல்மாடியில் கட்டில் பதிவானது. அவன் அம்மா பதறிப்போய் அழ ஆரம்பித்தாள். அவன் கட்டிலில் ஏறிக் குதித்தான்.

மதியத்துக்குள் மேல்மாடியில் ஒரு கட்டில் மிச்சமில்லை. மேலேயிருந்து தொலைபேசி வந்தவண்ணம் இருந்தது. "என்ன அங்க, சந்தையா நடத்துறீங்க?" வலிப்பு வந்த குழந்தை ஒன்று நாற்பது நிமிடம் ஸ்ட்ரெச்சரிலேயே கிடந்தது. வரிசை தெருவுக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான்.

இந்த இரண்டு நாளும் வெல்டர் கீழே வந்து வந்து நின்றான். மூன்றாவது மாடியில் பார்வை நேரம் காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம். மனைவி மேலே மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். அவனுக்கு உட்கார முடியவில்லை. முதல் மேசைக்கு எதிரே தூணில் சாய்ந்துகொண்டு அந்தத் திரையையே பார்ப்பான். ஒரு தடவை பக்கத்தில் வந்தான்.

"இதுதானே பதினொண்ணு சொன்னது?"

தீக்குச்சி அப்போது ஒரு கைக்குழந்தையின் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள். முப்பத்தொன்றில் விட்டுப்போனது.

"இதுதான்" என்றாள்.

"பட்டறையில இருந்து கட்டரைக் கொண்டு வந்து ரெண்டா அறுத்துடலாம் போல இருக்கு சிஸ்டர். நீங்கல்லாம் எப்படித்தான் இதோட வேலை பார்க்குறீங்களோ."

அவன் அவள்மேல் பரிதாபப்பட்டுவிட்டுப் போனான். அதைவிட அவன் கன்னத்தில் ஓர் அறை விட்டிருக்கலாம். முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.

திங்கட்கிழமை காலை கணினியைத் திறந்தபோது மூச்சுக் கட்டம் சாம்பல் நிறத்தில் இருந்தது. உள்ளே ஏற்கெனவே 28 என்று நின்றது. அவள் அதன்மேல் அழுத்திப் பார்த்தாள். அசையவில்லை. வயதை ஆறு என்று மாற்றினாள், 20 ஆனது. நான்கு என்றாள், மறுபடி 28.

தலைமை நர்ஸ் ஒரு தாளோடு வந்தார். அவர் நல்லவர். யார் மனமும் நோகாமல் பேசி எல்லாரையும் நோகடிக்கத் தெரிந்தவர்.

"தற்காலிகம்தான்மா. கருவியைத் திருத்தி முடிக்க மூணு மாசம் ஆகுமாம். அதுவரைக்கும் பழைய நடைமுறைப்படின்னு மேலேர்ந்து வந்திருக்கு."

"பழைய நடைமுறைன்னா பொய்யா மேடம்?"

"அப்படிச் சொல்லாதே. சராசரி மதிப்புன்னு போட்டிருக்காங்க, பாரு."

"முன்னாடி நாங்க பொய் எழுதினோம். இப்ப பொய்யை அச்சடிச்சே கொடுத்துட்டீங்க. எங்க கையாவது வலிக்காம இருக்கட்டும்னா?"

"கத்தாதே. ஜனங்க பார்க்கிறாங்க."

"பார்க்கட்டும். எண்ணுனா கெட்டுப்போற மெஷினை வச்சுட்டு, எண்ணாதேன்னு மனுஷனுக்குச் சட்டம் போடுறீங்க. மெஷினை ஓரமா வைங்கன்னு ஒருத்தருக்குக்கூடத் தோணலையா?"

"ஓரமா வச்சா கட்டில் யார் கொடுக்கிறது? அந்த எண் இல்லாம மேல ஒரு கதவும் திறக்காதுன்னு உனக்குத் தெரியாதா? எனக்கு மட்டும் வயிறு எரியலையா?" தலைமை நர்ஸின் குரல் முதல்முறையாக உடைந்தது. தாளை மேசையில் வைத்துவிட்டு, "கையெழுத்து போட்டு அனுப்பு" என்று போய்விட்டார்.

தீக்குச்சி அந்தத் தாளை இழுப்பறையில் போட்டு மூடினாள். வரிசையைக் கூப்பிட்டாள்.

பத்தரை மணிக்கு வெல்டர் வந்தான். இந்தத் தடவை அவன் கையிலும் ஒரு தாள் இருந்தது. சலவைச் சட்டை போட்டிருந்தான். கண்காணிப்பாளர் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார்.

"சிஸ்டர், ஒரு நிமிஷம். இதைக் கொஞ்சம் பாருங்க. எனக்குப் படிக்கத் தெரியும், ஆனா இது ஆபீஸ் எழுத்தா இருக்கு. அரிதாக நேரும் தொழில்நுட்பக் குறைபாடுன்னா மெஷின் தப்புன்னுதானே அர்த்தம்? கையெழுத்து போடச் சொல்றாங்க. போட்டா மெஷினைச் சரி பண்ணிடுவாங்களாம். இனிமே எந்தக் குழந்தைக்கும் இப்படி ஆகாதாம்."

தீக்குச்சி தாளை வாங்கவில்லை.

"பாப்பா எப்படி இருக்கு?"

"அப்படியேதான். இன்னிக்குக் குழாயை எடுத்துப் பார்க்கலாம்னு சொன்னாங்க. அப்புறம் வேண்டாம்னுட்டாங்க."

அந்த நேரத்தில் வரிசையில் முன்னால் நின்ற பெண் தன் நான்கு வயது மகனை மேசைமேல் உட்காரவைத்தாள். "வாந்தி சிஸ்டர், வயித்து வலிங்கிறான். வேற ஒண்ணுமில்லை. தண்ணி தண்ணின்னு குடத்தையே காலி பண்றான்." பையன் சோர்ந்திருந்தான். காய்ச்சல் இல்லை. இருமல் இல்லை. ஆக்ஸிஜன் தொண்ணூற்றொன்பது. ஜோசியர், சாம்பல் கட்டத்திலிருந்த இருபத்தெட்டையும் எடுத்துக்கொண்டு, ஆறு என்றார். பச்சை.

"நில்லுங்க" என்றாள் தீக்குச்சி. யாரும் எங்கும் போகவில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பையனின் சட்டையைத் தூக்கினாள். கடிகாரத்தைப் பார்த்தாள். வெல்டர் தாளைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றான். பின்னால் யாரோ உச்சுக் கொட்டினார்கள். முப்பது நொடியில் இருபத்துமூன்று. அவள் நிறுத்தவில்லை. ஒரு நிமிடம் முடிந்தபோது நாற்பத்தாறு. சும்மா வேகமாக அல்ல, ஓடி வந்தவன் மாதிரி, நெஞ்சின் அடியாழத்திலிருந்து இழுத்து இழுத்து விட்டான். உட்கார்ந்த இடத்தில். அவன் வாயருகே குனிந்தாள். அழுகத் தொடங்கிய பழத்தின் வாசனை.

"நாற்பத்தாறு" என்றாள்.

வெல்டர் திரையைப் பார்த்தான். "இருபத்தெட்டுன்னு போட்டிருக்கே?"

"ஆமா."

"மாத்துங்க."

"மாத்த முடியாது."

அவள் பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பச்சை நாற்காலிகளைத் தாண்டி, மஞ்சளைத் தாண்டி, சிவப்பு அறைக்குள் போனாள். பயிற்சி டாக்டர் அன்று அங்கே இருந்தார். "எண் என்ன சிஸ்டர்?" என்றார், பழக்கதோஷம்.

"எண் கிடக்குது குப்பையில. விரல்ல குத்திச் சர்க்கரை பாருங்க. அவன் மூச்சை ஒரு நிமிஷம் நின்னு பாருங்க, அப்புறம் என்கிட்ட பேசுங்க."

டாக்டர் குத்தினார். சர்க்கரை பார்க்கிற சின்னக் கருவி எண்ணே காட்டவில்லை. தன் எல்லைக்கு மேலே போய்விட்டது என்று மட்டும் எழுத்தில் காட்டியது. டாக்டரின் முகம் மாறியது. அதன்பிறகு அவர் யாரையும் எண் கேட்கவில்லை. ஊசி, சலைன், மேல்மாடிக்குத் தொலைபேசி. மேலே இருந்தவர் எண் கேட்டார் போலிருக்கிறது. அந்தச் சாதுவான மனிதர் தொலைபேசியில் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. ஸ்ட்ரெச்சர் அண்ணன் கதவைக் காலால் உதைத்துத் திறந்துகொண்டு வந்தார். இந்தத் தடவை ஜோசியரைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

தீக்குச்சி மேசைக்குத் திரும்பியபோது வெல்டர் அங்கேயேதான் நின்றிருந்தான். திரையில் இன்னும் அந்த ஆறும் இருபத்தெட்டும் இருந்தன. அவன் அவற்றைப் படித்துக்கொண்டிருந்தான். முட்டாள் அல்ல அவன். இரும்பை இரும்போடு ஒட்டுகிறவன். எங்கே ஒட்டியிருக்கிறது, எங்கே ஒட்டின மாதிரி பூசியிருக்கிறது என்று அவனுக்குத் தெரியும்.

"என் பாப்பாவுக்கும் தாள்ல இருபத்தெட்டுன்னுதான் இருந்துச்சு" என்றான் மெதுவாக.

"ஆமா."

"அன்னிக்கும் அதுவாவே போட்டுச்சா?"

இந்த இடத்தில் ஒரு வார்த்தை போதும். ஆமாம் என்றால் முடிந்தது. அவளுக்காகவே யாரோ அந்தச் சாம்பல் கட்டத்தைச் செய்து வைத்த மாதிரி இருந்தது.

"இல்லை. அன்னிக்கு நான் போட்டேன். என் கையால. எண்ணாம போட்டேன். நீங்க மூச்சு வேற மாதிரி இருக்குன்னு ரெண்டு தடவை சொன்னீங்க, அதுக்கப்புறமும் எண்ணலை. மெஷின் நான் சொன்னதைத்தான் சொல்லுச்சு. அந்தத் தாள்ல கையெழுத்து போடாதீங்க. அதுல இருக்கிறது பொய்."

அவன் முகத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. அவள் சொன்னது அவனுக்குள் இறங்க நேரம் எடுத்தது. பிறகு கழுத்து நரம்பு புடைத்தது. மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தான். வரிசையில் நின்றவர்கள் தங்கள் குழந்தைகளை ஓர் அடி பின்னால் இழுத்துக்கொண்டார்கள்.

"எண்ண எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு நிமிஷம்."

"ஒரு நிமிஷம்" என்றான். "நான் அந்தப் பச்சை நாற்காலியில ரெண்டே கால் மணி நேரம் உக்காந்திருந்தேன்டி."

வாழ்க்கையில் முதல் தடவையாக அவளை யாரோ 'டி' போட்டுப் பேசி அவள் பற்றிக்கொள்ளவில்லை.

அவன் கையிலிருந்த தாளை மேசைமேல் குப்புறப் போட்டான். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. அவளுடைய பேனாவையே எடுத்து அதன்மேல் வைத்தான்.

"இப்ப சொன்னதை எழுது."

எழுதினாள். தேதி, நேரம், குழந்தையின் பதிவு எண். மூச்சை எண்ணாமல் இருபத்தெட்டு என்று பதிந்தேன். தந்தை சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இதே போல எல்லாக் குழந்தைகளுக்கும் பதிந்திருக்கிறோம். இன்று முதல் கணினியே அவ்வாறு பதிகிறது, மாற்ற வழியில்லை. இதற்கான ஆணை என்னிடம் இருக்கிறது. கீழே முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இழுப்பறையைத் திறந்து தலைமை நர்ஸ் கொடுத்த ஆணையையும் எடுத்து அதன்மேல் வைத்தாள்.

"இதையும் எடுத்துக்குங்க. அவங்க இல்லைன்னு சொல்லுவாங்க."

அவன் இரண்டையும் ஒவ்வொரு வரியாகப் படித்தான். மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

"உன்னை விட மாட்டேன்" என்றான்.

"விடாதீங்க."

"உன்னை மட்டும் இல்லை."

"அதைத்தான் சொல்றேன். யாரையும் விடாதீங்க."

அவன் மாடிப்படியை நோக்கிப் போனான். பார்வை நேரத்துக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது. தலைமை நர்ஸ் தாழ்வாரத்தின் கடைசியிலிருந்து வேகமாக வந்துகொண்டிருந்தார். கைக்குழந்தையோடு நின்ற அடுத்த பெண் மேசையை நெருங்கலாமா வேண்டாமா என்று தயங்கினாள்.

"வாம்மா" என்றாள் தீக்குச்சி. "சட்டையைத் தூக்கு."